அமைச்சரின் நாட்குறிப்பும் எட்டாம் நாளும்

பத்திரிகை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். ஓய்வு பெற்றவர்கள் எழுதினால் யாரையெல்லாம் பேட்டி கண்டோம், எந்த அமைச்சரைத் திணறடித்தோம் என்றுதான் எழுதுவார்கள் என்று உங்களில் ஒருவர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. நியாயமான முணுமுணுப்பு. ஆகவே, முப்பது வருட வேலையில் நான் மிக அதிகம் பயந்த ஒரு வியாழக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன். அன்று என்னைப் பயமுறுத்தியது நானே எழுதி, நானே பிழை திருத்தி, நானே அச்சுக்கு அனுப்பிய ஒரு பக்கம்.

எங்கள் அலுவலகம் கோலியர்ஸ் வுட்டில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருந்தது. இலவச வாரப் பத்திரிகை. புதன் மாலை அச்சுக்குப் போகும். வியாழன் காலை கட்டுக் கட்டாக விநியோக வான் வண்டியில் ஏறி லண்டனின் தமிழ்க் கடைகளுக்குப் போய், முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும். நான் செய்திப் பக்கங்களைப் பார்த்தேன். எனக்கு மேலே இருந்தவரை எல்லோரும் எடிட்டர் அண்ணை என்போம். மரண அறிவித்தல்களைப் பார்த்தவர் விஜி. மதுரைக்காரி, கணவரின் ஐ.டி. வேலையோடு லண்டனுக்கு வந்தவர். எங்கள் ஊர்ப் பெயர்களைத் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதி, கடைசியில் எங்களைவிட நன்றாக யாழ்ப்பாணத்தை அறிந்துகொண்டவர்.

இந்த அறிவித்தல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இறந்தவர் எங்கே பிறந்தார், எங்கே வசித்தார், பிள்ளைகள் யார், மருமக்கள் யார் என்று ஒருவர் விடாமல் வரும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு. இறந்துபோன உறவினர் என்றால் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’. அடியில், தொடர்புகொள்ள ஒரு மகனின் தொலைபேசி எண். எங்கள் இணையத்தளத்தில் மிக அதிகமாகப் படிக்கப்பட்டது அந்தப் பக்கம்தான். பழைய அறிவித்தல்கள் எல்லாவற்றையும் எடிட்டர் அண்ணை ஒரு வருடம் பாடுபட்டு இணையத்தில் ஏற்றியிருந்தார். தேதி கொடுத்துத் தேடலாம். ஊர் கொடுத்துத் தேடலாம். அது அவருடைய பெருமை. அன்றுவரை என்னுடையதும்.

அமைச்சரின் நாட்குறிப்புகள் எங்களிடம் வந்தது ஒரு பெண்மணி மூலமாக. ஐரோப்பாவில் ஒரு சிறிய நாடு. பெயர் சொல்லப் போவதில்லை. அவருடைய தந்தை அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். இலங்கையில் போர் முடிந்த பின் கொழும்புக்கும் லண்டனுக்குமாகப் பல தடவை பறந்தவர். அவர் இறந்த பின், நாட்குறிப்புகளைப் புத்தகமாக்க மகள் தயார் செய்துகொண்டிருந்தார். அவர் வீடு ஆர்ச்வேயில், முருகன் கோயிலுக்கு மேலே ஏறும் தெருவில். கோயிலுக்குள் ஒருநாள் நுழைந்து, “உங்கள் ஆட்கள் எந்தப் பத்திரிகை படிப்பார்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். யாரோ எங்கள் பத்திரிகையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

ஏழு நாட்கள் அவருடைய சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசித்தேன். தாய்மொழியில் தந்தை எழுதியதை மகளே ஆங்கிலத்தில் பெயர்த்துத் தட்டச்சு செய்திருந்தார். பக்கத்தில் மூலக் குறிப்பேடுகளும் இருந்தன. தொலைபேசியைக் கோட்டுப் பையில் விட்டுவிட வேண்டும். பென்சில் மட்டும்தான் அனுமதி.

அந்தக் காலத்தின் கூட்டறிக்கைகளை எல்லாம் நான் அப்போதே மொழிபெயர்த்துச் செய்தியாகப் போட்டவள். ‘பயனுள்ள கலந்துரையாடல்’ என்று அறிக்கை வந்த நாளில், நாட்குறிப்பில் அமைச்சரின் வயிற்றுவலி, இரண்டு அதிகாரிகளின் சண்டை, மீன்பிடி ஒப்பந்தம் பற்றிய ஒரு முழுப் பக்கம். இன்னொரு நாள் இப்படி எழுதியிருந்தார்: ‘மதிய உணவுக்கு மீன். மிக நல்ல மீன். கூட்டறிக்கையின் ஒரே வசனத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். கவலைக்கு முன்னால் இருந்த ‘ஆழ்ந்த’ என்பதை நான் விட்டுக்கொடுத்தேன். இடம்பெயர்ந்தவர்களின் முகாமைப் பார்க்க அவர்கள் அரை நாள் தந்தார்கள். எது பெரியது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.’ நாடுகள் பேசிக்கொள்கின்றன என்று நாம் எழுதுவதன் உள்ளே, களைத்துப்போன சிலர் சொற்களைக் கொடுத்து மணித்தியாலங்களை வாங்குகிறார்கள். அதை இவ்வளவு கிட்ட இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான்காம் நாள் அந்தப் பதிவு வந்தது. கொழும்புக்குப் பறப்பதற்கு முதல் நாள், லண்டனில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் அமைச்சர் ஒரு தமிழரைச் சந்தித்திருக்கிறார். பெயர் எழுதவில்லை, ‘மெலிந்த மனிதர்’ என்று மட்டும் குறிப்பிடுகிறார். வந்தவர் சவரம் செய்திருக்கவில்லை. பிஸ்கட்டைத் தொடவில்லை. தந்தை ஊரில் இறந்துவிட்டார், தன்னால் போக முடியவில்லை, நாளை எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குப் பிடித்தது கூழ். அதற்கான கிழங்கு மாவைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கிவிட்டுத்தான் விடுதிக்கு வந்தாராம். அதன் பிறகு, பள்ளிக் கொப்பியில் கிழித்த ஒரு தாளை நீட்டியிருக்கிறார். போரின் கடைசி நாளில் இராணுவத்தால் பஸ்ஸில் ஏற்றப்பட்டு, பிறகு காணப்படாதவர்களின் பெயர்கள். பார்த்து எழுதியவர் அங்கேயே இருக்கும் அவருடைய அக்கா. இவர் ஒரே மகன். அக்கா ஒரே மகள்.

அந்தத் தாள் குறிப்பேட்டுக்குள்ளேயே இருந்தது. நீல மை, உருண்டையான எழுத்து, இலக்கமிட்ட பெயர்கள். முதலாவது பெயரை நான் வாசித்தேன். இங்கே எழுத மாட்டேன்.

மூன்று வாரத் தொடராகப் போடுவது என்று முடிவானது. முதல் வாரத்துக்கு இந்தச் சந்திப்பையே எடுத்தேன். தாள் பற்றியும் பெயர்கள் பற்றியும் விவரம் எதுவும் போடவில்லை; ‘ஒரு பட்டியல்’ என்பதோடு நிறுத்தினேன். விடுதியின் பெயரை எடுத்தேன். அந்த மெலிந்த மனிதர் யார் என்று எனக்கே தெரியாது. அமைச்சரின் மகளுக்கும் தெரியாது. தெரியாத ஒருவரை நான் எப்படிக் காட்டிக்கொடுக்க முடியும்? அப்படித்தான் நினைத்தேன். சவரம் செய்யாத முகத்தையும் எட்டாம் நாளையும் கூழையும், பட்டியலை எழுதிய ஒரே அக்காவையும் விட்டுவைத்தேன், ஏனென்றால் வாசகரின் நெஞ்சில் படுவது அதுதான். மேலே, நாட்குறிப்பின் தேதியைத் தடித்த எழுத்தில் போட்டேன். தேதி இல்லாத செய்தியை அச்சுக்கு அனுப்பாதே என்று பழக்கப்பட்டவள் நான்.

வியாழன் காலை பத்து மணிக்கு விஜி தேநீரோடு அந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

“என்ன எண்ணுறீர்?”

“ஒண்ணுமில்லக்கா, கைப்பழக்கம். அறிவித்தல் குடுக்க போன் பண்றவங்க எல்லாரும் எட்டு எப்ப வருது, முப்பத்தொண்ணு எப்ப வருதுன்னு என்கிட்டதானே கேப்பாங்க. நாளைக்கு எட்டுன்னா அப்பா இறந்தது…” என்று ஒரு தேதியைச் சொன்னார். சொன்னவர் கோப்பையை வைத்துவிட்டு எங்கள் இணையத்தளத்தைத் திறந்து அந்தத் தேதியை அடித்தார்.

ஐந்து அறிவித்தல்கள் வந்தன. நான்கில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். ஐந்தாவதில் ஒரு மகன், லண்டன். ஒரு மகள், இலங்கை.

“அக்கா,” என்றார் விஜி. குரல் மாறியிருந்தது. “இதை நாந்தான் எழுதினேன். எனக்கு ஞாபகம் இருக்கு. மருமகன் பேருக்குப் பக்கத்துல என்ன நாடு போடணும்னு கேட்டேன். அந்தப் பக்கம் பேச்சே இல்ல. அப்புறம், நாடு போடாதேங்கோ, காலஞ்செண்டவர் எண்டும் போடாதேங்கோன்னாரு.”

திரையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுவதும் அடைப்புக்குறிக்குள் நாடுகள். ஒரே ஒரு பெயருக்குப் பின்னால் மட்டும் எதுவும் இல்லை. அது அந்தக் கொப்பித் தாளின் முதலாவது பெயர்.

நாட்குறிப்பை எழுதிய அமைச்சருக்கு அந்த எட்டாம் நாள் ஒரு சோகமான வழக்கம்; மகளுக்கும் அப்படித்தான். ஆங்கிலத்தில் வாசிக்கும் யாரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எங்கள் ஆட்கள் மட்டும்தான் பின்னோக்கி எண்ணுவார்கள். எண்ணியதும் எங்கே தேட வேண்டும் என்பதற்கு எங்கள் பத்திரிகையே தளம் வைத்திருந்தது. விஜிக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அறிவித்தலில் அக்காவின் முழுப் பெயர், ஊர், அவர் ஆசிரியையாக இருக்கும் பாடசாலை எல்லாம் இருந்தன. அந்த ஊரில் இப்போதும் வீடுகளுக்குப் புலனாய்வு ஆட்கள் வருகிறார்கள். கதவடியில் நின்று சிரித்துக்கொண்டே, யாரோடு கதைக்கிறீர்கள், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது என்று எண்ண நான் குழந்தை அல்ல.

எடிட்டர் அண்ணை பக்கத்து அறையில் இருந்தார். சொன்னதும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

“பேப்பரை எல்லாம் திருப்பி எடுப்பம். நெற்றில இன்னும் ஏத்தேல்லை.”

“என்னெண்டு சொல்லி எடுக்கிறது அண்ணை? நாங்கள் ஓடி ஓடி எடுத்தால், ஏன் எடுக்கினம் எண்டு லண்டன் முழுக்கத் தேடி வாசிக்கும்.”

அந்த இடத்தில் மூவரும் நின்றுவிட்டோம். இந்தக் கட்டம் உங்களுக்கும் வரும். பிழையைவிட, அதைத் திருத்த ஓடும் ஓட்டம் அதிகம் காட்டிக்கொடுக்கும். கீழே புடவைக்கடையில் யாரோ காஞ்சிபுரம் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

வழி சொன்னவர் விஜிதான். “மரண அறிவித்தல்ல ஒரு மருமகன் பேரு விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க சார். யாரும் மேல கேக்க மாட்டாங்க.”

எடிட்டர் அண்ணை அவரை ஏறிட்டுப் பார்த்தார். “பிள்ளை, நீர் எங்கட ஆக்களைப் படிச்சு முடிச்சிட்டீர்.”

அது பொய். முப்பது வருடம் பொய்யான காரணம் சொன்னவர்களைத் துரத்திய நான், அன்று ஒரு பொய்யான காரணத்தை எடுத்துக்கொண்டு லண்டன் முழுவதும் தொலைபேசியில் பேசினேன். அதற்காக இன்றும் வெட்கப்படவில்லை. அதை இங்கே மறைத்தால்தான் வெட்கப்பட வேண்டும்.

வான் சாரதிக்கு அழைத்தோம். தென் லண்டன் கட்டுகள் இன்னும் வண்டியிலேயே இருந்தன. எட்மண்டனில் மூன்று கடைகளுக்குக் கொடுத்து முடித்திருந்தார். இரண்டில் கட்டு அவிழ்க்கவில்லை. திரும்பப் போய் எடுத்துவிட்டார். மூன்றாவது கடைக்காரர் கொடுக்க மறுத்தார்: ஆட்கள் பேப்பர் கேட்டு வருவார்கள், எடிட்டர் வந்து சொல்லட்டும். எடிட்டர் அண்ணை அச்சகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் நான் போனேன். நொதேர்ன் லைன் ரயிலில் ஏறி இரண்டு முறை மாற வேண்டும். பெட்டியில் எனக்கு எதிரே ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார். கையில் பேப்பர் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் இறங்கும் வரை அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் வெண்டிக்காய்ப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன அக்கா, ஒரு மருமகன்ர பேருக்காகவோ இவ்வளவு தூரம் வாறியள்? விடுங்கோ. மருமகன் எண்டால் கோவிக்கத்தான் வேணும். அதுதான் அவற்ற உத்தியோகம்.”

“கோவிக்கிறதெண்டால் பரவாயில்லை, கேஸ் போடப் போறன் எண்டு நிக்கிறார்,” என்றேன்.

வரிசையில் நின்ற ஒரு பெண், “கேஸ் போடட்டும், மாமனார் உயிரோட இருக்கேக்கை எத்தினை தரம் போய்ப் பார்த்தவர் எண்டு நீதவான் கேட்பார்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எண்ணினேன். கட்டுக்கு ஐம்பது. நாற்பத்தேழு இருந்தது.

“மூண்டு குறையுது.”

“ஓம், காலமை ஒராள் எடுத்தவர்.”

“மூண்டையும் ஒராளோ?”

“ஓம், மூண்டையும் ஒண்டாத்தான் எடுத்தவர். வேறை சாமான் ஒண்டும் வாங்கேல்லை. இங்கத்தை ஆள் இல்லைப் போல.”

“தமிழ் ஆளோ?”

அவர் தோளைக் குலுக்கினார். “பேப்பர் எடுக்கிற ஆளிட்டை நான் என்ன கேக்கிறது அக்கா?”

திரும்பி வரும் ரயிலில் எனக்கு நானே நியாயங்கள் சொல்லிக்கொண்டே வந்தேன். தன் படம் வந்திருந்தால் மூன்று பிரதி எடுப்பார்கள். அண்ணன் தம்பிகளுக்கும் சேர்த்து எடுப்பார்கள். அலுமாரித் தட்டில் விரிக்க எடுப்பார்கள். ஒவ்வொரு நியாயமும் ஒரு நிறுத்தம் வரைக்கும்தான் தாங்கியது.

அலுவலகத்தில் விஜி தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் அறிவித்தல் கொடுத்த நான்கு குடும்பங்களும் அழைத்திருந்தன. எங்கட மருமகன்ர பேரோ விடுபட்டது? ஒரு வீட்டில், விடுபடவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றமாம். எடிட்டர் அண்ணை அந்தப் பக்கத்துக்குப் பதிலாக மீன் சாப்பாட்டுப் பதிவைப் போட்டுப் புதிதாக அச்சடிக்க ஏற்பாடு செய்துவிட்டார். பழைய அறிவித்தலை இணையத்திலிருந்து எடுக்கக் கையை வைத்தார்.

“அந்த ஒண்டை மட்டும் எடுத்தால் அந்த மூண்டு பேப்பரில ஒண்டு வைச்சிருக்கிற ஆளுக்கு நாங்களே விரலால காட்டினது மாதிரி,” என்றேன். “எல்லாத்தையும் எடுக்க வேணும். அந்த வருசத்தை மட்டும் இல்லை. எல்லா வருசமும்.”

அவர் ஒரு வருடம் பாடுபட்டு ஏற்றியது அது. “தளத்தில பழுது எண்டு போடும்,” என்று சொல்லிவிட்டுத் தானே அழுத்தினார். இன்றுவரை அங்கே ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்றுதான் இருக்கிறது. அதற்கான காரணம் உங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது.

இனி அந்த மனிதருக்குச் சொல்ல வேண்டும். அறிவித்தலின் அடியில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். அத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த எண் வேலை செய்தது.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?”

பத்திரிகையின் பெயரைச் சொன்னேன். ஒரு விஷயம் நேரில் கதைக்க வேணும், போனில் ஏலாது என்றேன்.

அவர், “அக்காவுக்கு ஏதுமோ?” என்று கேட்டார்.

அவருடைய அக்காவைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

“இல்லை, இல்லை. அவ சுகமாத்தான் இருப்பா.” இருப்பா என்று சொன்னதும் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ஷிப்ட் நாலு மணிக்கு முடியும். வீட்டை வராதேங்கோ, பிள்ளையள் நிக்கும். ஆத்தங்கரைக்கு வாறன்.”

வாண்டில் ஆற்றின் ஓரம் நடைபாதையில் ஒரு இருக்கையில் அவருக்காகக் காத்திருந்தேன். களஞ்சிய வேலைக்கான மஞ்சள் மேலங்கியோடு வந்தார். மெலிந்த மனிதர் இப்போது மெலிவாக இல்லை. நான் நீட்டிய பக்கத்தை நின்றபடியே வாசித்தார். இரண்டாம் முறை உட்கார்ந்து வாசித்தார்.

“கூழைப் பற்றியும் எழுதிப் போட்டானே மனுசன்.”

“மா கிடைச்சதோ அண்டைக்கு?” என்று கேட்டேன். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்ட கேள்வி. என் பயம் அப்படி வாயைத் திறந்தது.

“கிடைச்சது. கூழ்தான் சரிவரேல்லை.”

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். தேதி, எட்டாம் நாள், அறிவித்தல், எட்மண்டனில் போன மூன்று பிரதிகள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. உங்களிடம் கேட்காமல் போட்டது என் பிழை என்றேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பேப்பரை மடித்து, மடித்து, கையளவுக்குச் சின்னதாக்கினார்.

“ஒண்டு கேக்கவோ?” என்றார். “நீங்கள் அவற்ற டயறி முழுக்க வாசிச்சனியள். அவர் அந்த லிஸ்டைக் குடுத்தவரோ?”

அந்தப் பதிலை நான் மூன்றாம் வாரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். தொடரின் உச்சம் அதுதான். அமைச்சர் கொழும்பில் விருந்து முடிந்து வந்து எழுதியது: ‘பட்டியல் என் கோட்டின் உள்பையில் இருந்தது. சூப் வந்தபோது எடுக்க நினைத்தேன். மீன் வந்தபோது நினைத்தேன். பழம் வந்தபோது துறைமுகத் திட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நம்முடைய இரண்டு கம்பனிகள் அதற்காகக் காத்திருக்கின்றன. பைக்குள் போன கையை வெளியே எடுத்தேன், வெறுமையாக. பட்டியல் என்னோடு திரும்பி வருகிறது.’ அந்த விஜயத்தைப் பற்றி அப்போது எங்கள் பத்திரிகையில் ‘காணாமற்போனோர் விவகாரத்தை அமைச்சர் வலியுறுத்தினார்’ என்று தலைப்புப் போட்டவள் நான்தான்.

“இல்லை,” என்றேன். “அவர் அதை வெளியில எடுக்கவே இல்லை. பொக்கற்றுக்குள்ளயே இருந்தது. இப்பவும் அந்தத் தாள் டயறிக்குள்ள இருக்கு. என்ர கண்ணால பாத்தனான்.”

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“அப்ப அக்கா தப்பிட்டா,” என்றார்.

அக்கா பாடசாலையில் கரும்பலகை முழுக்க எழுதுகிறவர், அவருடைய எழுத்தை ஊரே அறியும் என்று பிறகு சொன்னார். தட்டச்சு செய்துதான் கொடுப்பேன் என்று அமைச்சர் வாக்களித்திருக்கிறார். அந்த வாக்கை நம்பி அவர் விடுதியை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து, தாள் அப்படியே கைமாறியிருக்குமோ, அந்த உருண்டை எழுத்தை யாராவது அடையாளம் கண்டிருப்பார்களோ என்று ஒவ்வொரு நாளும் பயந்திருக்கிறார். நான் அன்று காலை பத்து மணியிலிருந்து பயந்ததை அவர் அத்தனை வருடங்களாகப் பயந்துகொண்டிருந்தார்.

ஆற்றில் ஒரு வாத்து இறங்கிப் போனது. அவர் முகத்தை மூடிய கைகளை எடுத்தார்.

“அப்ப அத்தானைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை.”

மடித்த பேப்பரை என்னிடமே திருப்பித் தந்தார்.

“அக்காவுக்கு நான் அப்ப என்ன சொன்னனான் தெரியுமோ? அவர் கேட்டவர், அவங்கள் மறுமொழி சொல்லேல்லை எண்டு சொன்னனான். அவ அதைப் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறா. ஒரு நாட்டின்ர மந்திரி என்ர மனுசன்ர பேரைச் சொல்லிக் கேட்டவர் எண்டு.”

அடுத்த நாள் அமைச்சரின் மகளிடம் போனேன். தேதியையும் எட்டாம் நாளையும் கூழையும் அக்காவையும் புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டும், தாளை யாருக்கும் காட்டக் கூடாது என்றேன். “பையில் இருந்த பட்டியலையும் எடுக்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்டார். “அதையும் எடுத்தால் என் அப்பா நல்லவராகத் தெரிவார். எனக்கு வசதிதான். அவர் அதற்காக எழுதவில்லை.”

அந்தக் கேள்வியை நான் தீர்மானிக்கவில்லை. ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்து அதற்கு உரியவரிடம் கேட்டேன். முதல் தடவை செய்திருக்க வேண்டிய வேலையை இரண்டாம் தடவைதான் செய்தேன். அவர் ஒரு கிழமை அவகாசம் கேட்டார். கிழமை முடிய அழைத்தார். “பொக்கற் இருக்கட்டும். அக்காவுக்கு நான் சொல்லுவன். எப்பிடி எண்டு தெரியேல்லை. போனில ஏலாது, அங்கை போகவும் ஏலாது. புத்தகம் வரட்டும், அதுக்கு முதல் சொல்லுவன்.” புத்தகம் இன்னும் வரவில்லை. அவரும் இன்னும் சொல்லவில்லை.

இதை எழுதும் முன்பும் அவரைக் கேட்டேன்; அவர் சொன்ன அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். இதிலிருந்து உங்களுக்கு ஒரு விதி எழுதித் தரலாம்: பெயரை எடுத்தால் போதாது, உங்கள் வாசகருக்கு என்னென்ன தெரியும் என்று யோசியுங்கள், யாருடைய உயிரோ அவரைக் கேளுங்கள். எழுதிவிட்டேன். ஆனால் விதியாக எழுதியதும் அது எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது பாருங்கள். அன்று காலை பத்து மணி வரை என்னிடம் இதைவிட நல்ல விதிகள் இருந்தன.

வெள்ளிக்கிழமைகளில் அவர் அக்காவுக்குத் தொலைபேசி எடுக்கிறார். கதைத்து முடித்ததும் எனக்கு ஒரு சொல்லில் செய்தி அனுப்புகிறார்: சுகம். நான் கேட்டு வந்த செய்தி அல்ல அது. அந்த வாரம் அவராகவே தொடங்கினார். ஓய்வு பெற்ற பின்னும் வருகிறது. வழக்கமாகக் காலை பதினொரு மணிக்கு வந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை வரை வரவில்லை. பாடசாலையில் விளையாட்டுப் போட்டியாம், அக்கா போனை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஐந்தரை மணித்தியாலமும் சமையலறை நாற்காலியிலிருந்து நான் எழுந்திருக்கவில்லை.

இந்த வெள்ளியும் ‘சுகம்’ வந்தது. அந்த மூன்று பிரதிகள் இன்னும் திரும்பி வரவில்லை.